பபுள் ஷூட்டர்

பபுள் ஷூட்டர் என்பது திரையின் மேற்புறத்தில் கொத்தாகத் தொங்கும் வண்ணக் குமிழிகளைக் கீழிருந்து எய்து உடைக்கும் புதிர் விளையாட்டு. எய்த குமிழி தன் நிறத்தில் குறைந்தது இரண்டு குமிழிகளோடு சேர்ந்தால் அந்தத் தொகுதி முழுவதும் வெடித்து மறையும். சேராவிட்டால் பட்ட இடத்திலேயே ஒட்டிக்கொண்டு கொத்தைப் பெருக்கும். கொத்து இறங்கி அடிக்கோட்டைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது. விதி இவ்வளவே என்பதால் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவரும் சில நிமிடங்களில் கற்றுக்கொள்கிறார்.

ஜப்பானின் டைட்டோ நிறுவனம் 1994-இல் வெளியிட்ட ‘பஸில் பாபிள்’ என்ற ஆர்க்கேட் விளையாட்டே இந்த வகைக்கு மூலம். மேலைநாடுகளில் அது ‘பஸ்ட்-எ-மூவ்’ என்ற பெயரில் விற்றது. உக்ரைனைச் சேர்ந்த அப்சொலூட்டிஸ்ட் நிறுவனம் 2002-இல் கணினிக்கு உருவாக்கிய ‘பபுள் ஷூட்டர்’ விளையாட்டின் பெயரே பிறகு வகை முழுவதற்கும் பெயராயிற்று. கிங் நிறுவனத்தின் ‘பபுள் விட்ச் சாகா’ 2011-இல் பேஸ்புக்கிலும் மறு ஆண்டு கைபேசியிலும் வந்தது. நூற்றுக்கணக்கான சிறு கட்டங்களைக் கொண்டவை இத்தகைய விளையாட்டுகள். ரயில் அடுத்த நிலையத்தை அடைவதற்குள் ஒரு கட்டத்தை முடித்துவிடலாம் என்ற வசதி அவற்றில் உண்டு.

குமிழிகள் தேன்கூட்டு அமைப்பில் அடுக்கப்பட்டிருக்கும். நடுவில் உள்ள ஒரு குமிழியை ஆறு குமிழிகள் தொட்டுக்கொண்டிருக்கும். கூரையோடு தொடர்பு அறுந்த குமிழி எந்த நிறமாக இருந்தாலும் கீழே விழுந்துவிடும். ஆட்டத்தின் நுட்பம் முழுவதும் இதில்தான் இருக்கிறது. வலது மூலையில் மூன்று நீலக் குமிழிகளைப் பிடித்துக்கொண்டு பத்துப் பதினைந்து குமிழிகள் தொங்குவதாகக் கொள்வோம். புதிதாக ஆடுபவர் கண்ணுக்கு நேரே இருக்கும் சிவப்பை உடைப்பார். பழகியவர் அடுத்து வரும் நீலத்துக்காகக் காத்திருந்து அந்த மூன்றையும் அறுப்பார். தொங்கியவை எல்லாம் ஒரே எய்தலில் சரியும். மூல விளையாட்டின் புள்ளிக் கணக்கும் இதையே ஊக்குவித்தது. வெடித்த குமிழிக்கு 10 புள்ளி. விழுந்தது ஒன்று என்றால் 20, இரண்டு என்றால் 40, மூன்று என்றால் 80 என இரட்டித்து, பதினேழு விழுந்தால் 13,10,720 வரை போகும்.

எளிய விதிக்குள் கடினமான கணக்கு ஒளிந்திருக்கிறது. வரப்போகும் நிறங்களின் வரிசை முழுவதும் முன்பே தெரிந்திருந்தாலும், பலகையைக் காலிசெய்ய முடியுமா என்று தீர்மானிப்பது கணினியியலில் ‘என்.பி. முழுமை’ எனப்படும் கடினமான சிக்கல்களில் ஒன்று என 2015-இல் எரிக் டெமேனும் ஸ்டெஃபான் லாங்கர்மனும் நிறுவினர்.

நேரே எட்டாத குமிழியைப் பக்கச் சுவரில் அடித்துத் திருப்பிப் பிடிக்கலாம். சுவரில் படும் கோணமும் திரும்பும் கோணமும் சமம். இந்தக் கணக்கு வடசென்னைக்குப் புதிதல்ல. வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, ராயபுரம் தெருக்களில் ஒற்றை விளக்கின் கீழ் போரிக் பவுடர் தூவிய கேரம் பலகையில் தலைமுறைகளாகப் பழகிய கணக்கு அது. 2008-இல் கேரம் உலகப் பட்டம் வென்ற இளவழகி வியாசர்பாடிக்காரர். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா, புது வண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள்.

ஆனால் கேரமும் குமிழி ஆட்டமும் ஒன்றாகிவிடாது. கேரத்தில் ஸ்ட்ரைக்கரின் வேகம், விரலின் அழுத்தம், பலகையின் வழுக்கல், காயின் எந்த விளிம்பில் படுகிறது என்பது எல்லாம் சேர்ந்து முடிவைத் தீர்மானிக்கின்றன. கைபேசியில் வேகம் மாறுவதில்லை. ஆடுபவர் கையில் இருப்பது கோணம் ஒன்றுதான். பல செயலிகள் அதையும் புள்ளிக்கோடு போட்டுக் காட்டிவிடுகின்றன. அந்தக் கோட்டை அணைத்துவிட்டு ஆடும்போதுதான் கண்ணுக்கு வேலை இருக்கிறது. கேரத்துக்கு எதிராள் வேண்டும், பக்கத்தில் நின்று கத்தும் நாலு பேர் வேண்டும். குமிழி ஆட்டத்தைத் தனியாளாக ஆடலாம். அது வசதியும்தான், இழப்பும்தான்.

2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கி இணையக் கட்டணம் சரிந்தபின் இத்தகைய விளையாட்டுகள் தொழிலாளர் குடும்பங்களின் போன்களிலும் இடம்பிடித்தன. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் விரைவுச் சாலையில் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும். ஓட்டுநர் வண்டியை விட்டு நகர முடியாது. முன்வண்டி நகர்ந்தால் உடனே எடுக்கவேண்டும். எந்த நொடியிலும் நிறுத்திவைத்து மறுபடி தொடரக்கூடிய ஆட்டம்தான் அந்தக் காத்திருப்புக்குப் பொருந்தும். கும்மிடிப்பூண்டி மார்க்க மின்சார ரயிலில் நின்றபடி போகிறவருக்கு ஒரு கை கைப்பிடிக்குப் போய்விடும். நெடுக்குத் திரையில் கட்டைவிரல் ஒன்றே போதும் என்பது இதன் பலம். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேட்டு விசைப்படகுகள் கரையில் கட்டிக்கிடக்கும். வலை பின்னி முடித்த பொழுதுகள் நீளமானவை. பல செயலிகள் சிக்னல் இல்லாமலும் இயங்கும் என்பதால் கரையை விட்டு விலகிய படகிலும் ஆட முடியும்.

நிறத்தை நம்பிய ஆட்டம் என்பதால் சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்களுக்கு இது சிரமம் தரும். நல்ல செயலிகள் ஒவ்வொரு நிறத்துக்கும் நட்சத்திரம், முக்கோணம் போன்ற குறியும் சேர்க்கின்றன. எல்லாச் செயலிகளும் அப்படிச் செய்யவேண்டும்.

செயலி இலவசம் என்றாலும் வருமானம் இரண்டு வழியில் வருகிறது. ஒன்று விளம்பரம்: கூடுதலாக ஐந்து குமிழி வேண்டுமானால் சுமார் அரை நிமிட விளம்பரம் பார்க்கவேண்டும். மற்றொன்று விற்பனை: ‘உயிர்’ தீர்ந்தால் காத்திருக்கலாம் அல்லது காசு கொடுத்து வாங்கலாம். சில கட்டங்கள் இன்னும் இரண்டு குமிழி இருந்தால் முடித்துவிடலாம் என்ற இடத்தில் வந்து நிற்கும். வாங்கும் பொத்தான் சரியாக அப்போதுதான் முன்னால் வரும். அதை அழுத்தாமல் கட்டத்தைப் புதிதாகத் தொடங்குவதே அறிவு.

பந்தயப் பணம் கட்டி எதிராளியோடு மோதும் செயலிகளிலும் குமிழி விளையாட்டு இருந்தது. தோற்றம் ஒன்றானாலும் அது வேறு சரக்கு. அன்றாடக் கூலியை வைத்து ஆடியவர் வீட்டில் அதன் விளைவு தெரியும். தமிழக அரசின் இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்துக்கு 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் கிடைத்தது. பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளில் 18 வயதுக்குக் குறைந்தோர் சேரக்கூடாது, நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை நுழையக்கூடாது என்ற விதிகள் 2025 பிப்ரவரியில் வந்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையே தடைசெய்தது. அவற்றை நடத்துவோருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. பணப் பந்தயம் இல்லாத சாதாரண பபுள் ஷூட்டரை இந்தத் தடை தொடாது.

பிள்ளைகள் கையில் போகும் போனில் பிளே ஸ்டோர் அமைப்புக்குள் சென்று, ஒவ்வொரு வாங்குதலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி வைத்துக்கொள்ளவேண்டும். விளையாட்டின் பெயரில் யாராவது பணத்தைப் பறித்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்கலாம்.