டிஸ்லெக்சியா

அறிவுத்திறனிலும் பார்வையிலும் செவியிலும் குறையில்லாத, ஒழுங்காகப் பள்ளிக்குப் போகும் ஒருவருக்கு, சொற்களைத் தடங்கலின்றி வாசிப்பதிலும் எழுத்துக்கூட்டி எழுதுவதிலும் நீடித்திருக்கும் சிரமமே டிஸ்லெக்சியா. தமிழில் இதை வாசிப்புக் குறைபாடு என்றும் சொல்வர். அரசு ஆவணங்களில் ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ என்ற பிரிவில் இது அடங்கும். எழுதுவதில் தோன்றும் டிஸ்கிராஃபியாவும் கணக்கில் தோன்றும் டிஸ்கால்குலியாவும் அதே பிரிவைச் சேர்ந்தவை. படிக்க வாய்ப்பில்லாமல் எழுத்தறியாதிருப்பது இதிலிருந்து வேறு. எல்லாப் பாடங்களிலும் பின்தங்கும் மெல்லக் கற்போர் நிலையும் வேறு.

குறைபாட்டின் வேர் எல்லா மொழியினருக்கும் பெரும்பாலும் ஒன்றே. அது வெளிப்படும் விதம் மட்டும் எழுத்துமுறைக்கு ஏற்ப மாறுகிறது. ஆங்கிலத்துக்கென வகுத்த அடையாளங்களை மட்டும் வைத்துக்கொண்டு தமிழ்வழிக் குழந்தைகளைப் பார்த்தால் பலர் கண்ணுக்குத் தப்பிவிடுவர்.

வரலாறு

டிஸ்லெக்சியா என்ற சொல்லை உருவாக்கியவர் ஜெர்மனியின் கண் மருத்துவர் ருடால்ஃப் பெர்லின். 1887-இல் வெளியான அவரது நூல், மூளைப் பாதிப்பால் வாசிப்புத் திறனை இழந்த பெரியவர்களைப் பற்றியது. பிறவியிலேயே இச்சிரமம் உள்ள சிறுவனைப் பற்றி 1896-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதியவர் இங்கிலாந்து மருத்துவர் பிரிங்கிள் மார்கன். 14 வயதான அச்சிறுவன் விளையாட்டில் சூட்டிகையானவன். எண்களை எளிதாக வாசித்தான். ஆனால் தன் பெயரையே எழுத்து இடம்மாறி எழுதினான். பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்பது அவனுடைய ஆசிரியரின் கருத்து. ‘கற்றல் குறைபாடு’ என்ற பொதுப்பெயர் 1963-இல் அமெரிக்க உளவியலாளர் சாமுவேல் கிர்க்கால் பரவலானது.

காரணம்

வாசிப்பு மனிதனுக்குப் பிறவியில் வருவதன்று. பேச்சுக்கும் பார்வைக்கும் உரிய மூளைப்பகுதிகள் பயிற்சியால் இணைந்து அந்த வேலையைச் செய்கின்றன. பெரும்பாலோருக்கு இந்த இணைப்பு மூளையின் இடப்பக்கத்தில் அமைகிறது. டிஸ்லெக்சியா உள்ளவர்களிடம் அப்பகுதிகளின் இயக்கம் குறைவாக இருப்பது மூளைப் படங்களில் தெரிகிறது. சொல்லைத் தனித்தனி ஒலிகளாகப் பிரித்தறிவதில் உள்ள தளர்ச்சி முதன்மையான காரணமாகக் கருதப்படுகிறது. இது பரம்பரையாக வருவதும் உண்டு. சோம்பலோ வளர்ப்பு முறையோ இதற்குக் காரணம் அல்ல.

மொழிக்கு மொழி

ஆங்கிலத்தில் ஒரே எழுத்து பல ஒலிகளையும் ஒரே ஒலி பல எழுத்துகளையும் பெறுவதால், அங்கே இக்குறைபாடு பிழைகளாகக் கொட்டுகிறது. எழுத்தும் ஒலியும் ஒத்துப்போகும் இத்தாலியம், ஜெர்மன் போன்ற மொழிகளில் பிழை குறைவு. வேகக்குறைவே முதன்மை அடையாளம். டிஸ்லெக்சியா உள்ள இத்தாலிய, பிரெஞ்சு, ஆங்கில வாசகர்களை ஒப்பிட்டு 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், மூன்று மொழியினரிடமும் மூளை இயக்கக் குறைவு ஒரே இடத்தில் இருந்தது; இத்தாலியர் மட்டும் ஒப்பீட்டளவில் நன்றாக வாசித்தனர். ஜப்பானிய மொழியைச் சரளமாக வாசித்து, ஆங்கிலத்தில் மட்டும் தடுமாறிய இருமொழி இளைஞர் ஒருவரைப் பற்றிய பதிவு 1999-இல் வெளியானது.

தமிழில் இடறும் இடங்கள்

தமிழில் எழுத்துகள் 247 என்றாலும், 12 உயிரும் 18 மெய்யும் சேரும் முறை தெரிந்தால் பெரும்பகுதி வசப்படும். எழுத்துக்கும் ஒலிக்கும் உறவு ஆங்கிலத்தைவிடச் சீரானது. 1978-இல் வந்த எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, லை, ளை முதலிய 13 எழுத்துகளின் தனி வடிவங்களை நீக்கிச் சுமையைக் குறைத்தது. கு, சு, து, மு, கூ, சூ என உகர, ஊகார வரிசைகளின் மாறுபட்ட வடிவங்கள் அப்படியே நின்றன.

சொல்வதெழுதுதலில் ‘கொடி’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம். காதில் முதலில் விழுவது ‘க்’. கையோ ஒற்றைக்கொம்பை முதலில் போட்டு, பின் ககரம் எழுதி, அதன்பின் கால் போட வேண்டும். ஒலி வரிசையும் எழுதும் வரிசையும் இங்கே முரண்படுகின்றன. கால் விடுபட்டால் ‘கெடி’, கொம்பு விடுபட்டால் ‘காடி’.

வாசிக்கையில் ‘காகம்’ என்பதன் இரு ககரங்களும் வெவ்வேறாக ஒலிக்கின்றன. வல்லினத்தின் ஒலியை அது நிற்கும் இடம் தீர்மானிக்கிறது. மனம்–மணம், அரை–அறை, வால்–வாள்–வாழ் ஆகியவற்றின் வேறுபாடு பலரது பேச்சில் மறைந்துவிட்டதால் காது கைகொடுக்காது. எழுத்தை மனத்தில் பதித்தே ஆகவேண்டும். பேச்சு வழக்கும் குறுக்கிடுகிறது. ‘கொடை’ என்று சொல்லிப் பழகிய குழந்தை ‘குடை’ என்றும், ‘எலை’ என்று சொல்வதை ‘இலை’ என்றும் எழுத வேண்டியிருக்கிறது.

ஒற்று விடுதல், குறில் நெடில் மாறுதல், றகர ரகர மயக்கம் எல்லாக் குழந்தைகளிடமும் உண்டு. மற்றவர்களிடம் இவை ஓரிரு ஆண்டுகளில் உதிர்ந்துவிடும். டிஸ்லெக்சியா உள்ள குழந்தையிடம் மேல்வகுப்பிலும் தொடரும். மூன்றாம் வகுப்புக்குப் பிறகும் எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படிப்பதும், பாடத்தை மனப்பாடமாகச் சொல்லிவிட்டுத் தெரியாத பத்தியில் திணறுவதும் கவனிக்க வேண்டிய அறிகுறிகள்.

அன்றாட வாழ்வில்

டிஸ்லெக்சியா உள்ள பெரியவர்கள் பலர் அதை மறைத்துப் பழகியவர்கள். பேருந்தின் ஊர்ப்பெயரை விட்டு எண்ணைப் பார்ப்பார்கள். வங்கிச் சலானை நிரப்பக் ‘கண்ணாடி கொண்டுவரவில்லை’ என்று பக்கத்திலிருப்பவரிடம் நீட்டுவார்கள். தட்டச்சுக்குப் பதில் குரல் செய்தி அனுப்புவார்கள்.

கற்பித்தலும் சலுகைகளும்

டிஸ்லெக்சியாவுக்கு மருந்து கிடையாது. முறையான பயிற்சி பலன் தரும். எழுத்தைப் பார்த்து, ஒலித்து, மணலில் விரலால் வரைந்து, சொல்லை ஒலிகளாகப் பிரித்துச் சேர்க்கும் பல்புலன் முறை, அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டன், கல்வியாளர் அன்னா கில்லிங்ஹாம் ஆகியோரின் பணியிலிருந்து வளர்ந்தது. தமிழகத்தில் இத்துறையில் முன்னோடி, 1990களின் தொடக்கத்திலிருந்து இயங்கும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. 40 விழுக்காடும் அதற்கு மேலும் பாதிப்புள்ளோருக்கு எழுத்துத் தேர்வுகளில் மணிக்குக் குறைந்தது 20 நிமிடக் கூடுதல் நேரத்தை மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல் அளித்தது. சொல்வதை எழுதுபவரை வைத்துக்கொள்ளவும் வழியுண்டு. இவை கிடைக்கச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு மதிப்பீடு வேண்டும். அந்த மதிப்பீடு பிழைகளை எண்ணுவதோடு நிற்காமல் வாசிக்கும் வேகத்தையும் அளந்தால்தான், தப்பில்லாமல் ஆனால் மிக மெதுவாகப் படிக்கும் தமிழ்வழி மாணவரின் சிரமம் கணக்கில் வரும்.