அம்மாவுக்கு மறுமணம்... அப்பாவுக்கு விடுதலையா?

கள்ளக்குறிச்சிப் பக்கம் ரிஷிவந்தியத்தில் ஓர் அர்த்தநாரீஸ்வரர் கோயில். லிங்கத்துக்குத் தேன் அபிஷேகம் செய்யும்போது அம்மையும் அப்பனும் சேர்ந்த உருவம் தெரியும் என்பது பக்தர்களின் நம்பிக்கை. பாதி அம்மா, பாதி அப்பா. யோசித்தால், எல்லாக் குழந்தைகளும் அப்படித்தானே! பெற்றவர்கள் பிரியலாம், பிள்ளையைப் பிரிக்க முடியுமா?

ஆனால், குடும்பப் பஞ்சாயத்துகளில் ஒரு வசனம் வரும்: 'அதான் அவ வேற கல்யாணம் பண்ணிக்கிட்டாளே... இனிமே புள்ளைக்கு நான் எதுக்குப் பணம் குடுக்கணும்?'

இந்த நினைப்புக்கு வயசு ஜாஸ்தி. ஈஸ்வர சந்திர வித்யாசாகர் போராடி, 1856-ல் விதவை மறுமணச் சட்டம் வந்தது. விதவை கல்யாணம் செய்துகொள்ளலாம். ஆனால், செய்துகொண்ட நிமிஷமே, முதல் கணவன் சொத்தைப் பொறுத்தவரை அவள் செத்துப்போனதாகக் கணக்கு! குழந்தைக்கு வேறு கார்டியன் கேட்டு, இறந்தவரின் உறவினர்கள் கோர்ட்டுக்குப் போகவும் அதே சட்டம் வழிவிட்டது. அப்போதும் தண்டனை அம்மாவுக்குத்தான். அப்பா சொத்தில் பிள்ளைகளின் பங்கு போகவில்லை.

அடுத்து ஜீவனாம்சம். வசதி இருந்தும் மனைவியையோ குழந்தையையோ கைவிடுகிறவன் மாதாமாதம் பணம் தரவேண்டும் என்றது, 1898-ம் வருஷக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 488-வது பிரிவு. 1973-ல் அது 125-வது பிரிவானது. விவாகரத்தான பெண்ணுக்கும் ஜீவனாம்சம் உண்டு என்று புதிதாகச் சேர்த்தார்கள். கூடவே ஒரு நிபந்தனை: அவள் மறுமணம் செய்திருக்கக் கூடாது. அந்த நிபந்தனையை எங்கே வைத்தார்கள் தெரியுமா? 'மனைவி' என்ற சொல்லுக்கான விளக்கத்தில். குழந்தையைப் பற்றிய வரியில் அது கிடையவே கிடையாது!

சரி, அப்பா இன்னொரு கல்யாணம் செய்துகொண்டால்? பீகாரில் ஒருவர் மனைவியையும் மூன்று குழந்தைகளையும் வீட்டைவிட்டு அனுப்பிவிட்டு, இரண்டாம் தாரம் கட்டினார். மனைவிக்கு மாதம் 200 ரூபாய், குழந்தைக்குத் தலா 150 என்றது கோர்ட். பிற்பாடு விவாகரத்தும் செய்துவிட்டு, குழந்தைகளுக்கும் தரமுடியாது என்று வாதாடினார். நூர் சபா கத்தூன் வழக்கு என்று இதற்குப் பெயர். 1997-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது: குழந்தைகளின் உரிமை தனி. மேஜராகும்வரை அப்பா கொடுத்தாக வேண்டும்.

2001-ல் மாதம் 500 ரூபாய் என்ற உச்சவரம்பும் போனது. 2024 ஜூலை 1 முதல் இதே விஷயம் புதிய சட்டத்தின் 144-வது பிரிவில் இருக்கிறது. புதுக் குடும்பச் செலவைக் காட்டி, தொகையைக் குறைக்கச் சொல்லி அப்பா மனுப் போடலாம். பொறுப்பையே உதற முடியாது. அம்மாவின் புதுக் கணவர் குழந்தையை முறைப்படி தத்து எடுத்துவிட்டால் மட்டும் கதை வேறு.

நான் காமர்ஸ் படித்தவன். எங்கள் பாஷையில் சொன்னால், அம்மா பேரில் ஒரு கணக்கு, பிள்ளை பேரில் ஒரு கணக்கு. முதல் கணக்கை முடித்தால் இரண்டாவதும் முடிந்ததாகாது. பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ் நின்றுவிடுமே என்ற பயத்தில் இன்னொரு வாழ்க்கையைத் தள்ளிப்போடும் தங்கை யாராவது உங்களுக்குத் தெரிந்தால், இந்த ஒரு வரியை மட்டும் அவரிடம் சொல்லுங்கள்!