நாணயமாக நின்ற குடிகலம்: இங்கிலாந்தின் வெள்ளிக் கலங்களும் அவற்றின் பயன்பாடும் (17, 18ஆம் நூற்றாண்டுகள்)

ஆய்வுச் சுருக்கம்

இங்கிலாந்தின் பழைய வெள்ளிக் குடிகலங்கள் பெரும்பாலும் கலைப்பொருள்களாகவே அணுகப்படுகின்றன. அவை செய்யப்பட்ட காலத்திலோ பருகும் கலமாகவும் குடும்பத்தின் சேமிப்பாகவும் ஒருங்கே விளங்கின. அக்கலங்கள் பெற்ற முத்திரை, அடைந்த அழிவு, எஞ்சிய நிலை ஆகிய மூன்றையும் இவ்விரட்டைத் தன்மையே விளக்குகிறது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: வெள்ளிக் கலங்கள், டேங்கர்டு, ஹால்மார்க், ஸ்டெர்லிங், பொருள்சார் பண்பாடு.

கலங்களும் பயன்பாடும்

டேங்கர்டு என்பது கைப்பிடியும் கீல் மூடியும் உடைய பெரிய கலம். பீர், ஏல் ஆகிய பானங்களுக்குரியது. மூடியற்ற சிறிய வகை மக் எனப்பட்டது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யார்க், ஹல், நியூகாசில் ஆகிய வடபுல நகரங்களில், உட்சுவரில் மேலிருந்து கீழாக முளைகள் பதித்த டேங்கர்டுகள் செய்யப்பட்டன. ஒரே கலத்தைப் பலர் கைமாற்றிப் பருகுகையில் ஒவ்வொருவரின் பங்கையும் அம்முளைகள் வரையறுத்தன. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவிய நரித்தலை வடிவ அங்கவடிக் கிண்ணம், வேட்டைக்குப் புறப்படுவோர் குதிரைமீது அமர்ந்தவாறே பருகுவதற்கானது. அதற்குத் தட்டையான அடி இல்லை. ஆதலால் பருகி முடித்தே திருப்பித் தர இயலும். ஆக, கலத்தின் வடிவமே குடிக்கும் முறையை நெறிப்படுத்தியது எனலாம்.

கலமும் நாணயமும்

ஆயிரத்தில் 925 பங்கு தூய வெள்ளி என்னும் ஸ்டெர்லிங் தரமே நாணயத்திற்கும் கலத்திற்கும் பொதுவாக இருந்தது. எனவே, நாணயம் கலமாவதும் கலம் நாணயமாவதும் எளிதாயின. இதன் விளைவுகள் இரண்டு.

முதலாவது, அழிவு. 1642இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது இரு தரப்பும் வெள்ளிக் கலங்களைத் திரட்டின. ஆக்ஸ்போர்டு கல்லூரிகள் பலவற்றின் கலங்கள் 1643இல் முதலாம் சார்லஸ் மன்னரின் படைச் செலவிற்காக உருக்கப்பட்டன. அதற்கு முற்பட்ட கலங்கள் அரிதாகவே எஞ்சியமைக்கு இது முதன்மைக் காரணங்களுள் ஒன்று.

இரண்டாவது, சட்டம். நாணயங்களின் விளிம்பை நறுக்கி உருக்கும் வழக்கம் பெருகியதால், 1697இல் கலங்களுக்கான தரம் ஆயிரத்தில் 958.3 பங்காக உயர்த்தப்பட்டது. இது பிரிட்டானியா தரம் எனப்பட்டது. நாணய வெள்ளியை நேரடியாகக் கலமாக்க இயலாமற் செய்வதே இதன் நோக்கம். 1720இல் ஸ்டெர்லிங் தரம் மீண்டும் ஏற்கப்பட்டது. உடன், அவுன்சுக்கு 6 பென்ஸ் வரியும் விதிக்கப்பட்டது.

சான்றாகக் கொள்வதில் எழும் சிக்கல்

லண்டனில் சிறுத்தைத்தலை முத்திரை 1300ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றியது. ஆண்டெழுத்து 1478 முதல் பொறிக்கப்பட்டது. தரத்தைக் காக்க எழுந்த இம்முறையே இன்று காலக்கணிப்பிற்குத் துணைநிற்கிறது. எனினும், அது உலோகம் சோதிக்கப்பட்ட ஆண்டையே காட்டும். கலத்தின் இன்றைய வடிவம் அவ்வாண்டினது என்பதற்கு உறுதியளிக்காது. 19ஆம் நூற்றாண்டில் பழைய டேங்கர்டுகள் பலவற்றில் மூக்குப் பொருத்தி அவற்றைச் சாடிகளாக மாற்றினர். எளிய பரப்புகளில் புதிதாகப் பூவேலையும் புடைத்தனர். முத்திரையை மட்டும் நம்பும் ஆய்வாளர், விக்டோரியா காலச் சாடியை 18ஆம் நூற்றாண்டுப் பயன்பாட்டிற்குச் சான்றாகக் காட்டிவிடக் கூடும்.

முடிவுரை

எஞ்சியுள்ள வெள்ளிக் கலங்கள், உருக்குலையிலிருந்து தப்பியவை. அவற்றுட் சில வடிவம் மாறியவை. தோல், மரம், ஈயக்கலவை ஆகியவற்றாலான எளியோர் கலங்களுக்கு அவை பதிலாளாகா. எனவே முத்திரையோடு எடை, பற்றவைப்புத் தடம், தேய்மானம் ஆகியவற்றையும் ஒப்புநோக்கியே பயன்பாட்டு வரலாற்றை எழுதுதல் வேண்டும். உருண்டை அடியால் சாய்ந்தாலும் தானே நிமிரும் டம்ளர் என்னும் ஆங்கிலக் கலத்தின் பெயர், தட்டையடிக் குவளைக்குரியதாகத் தமிழிலும் இன்று வழங்குகிறது. பெயர் நிலைக்க, பொருள் மாறும் என்பதற்கு அச்சொல்லே சான்று.