பேரேடு இல்லாத செய்திகள்

எங்கள் வீட்டில் தாத்தாவின் போட்டோ ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. கல்யாணத்தின்போது ஸ்டூடியோவில் எடுத்தது. தறியில் உட்கார்ந்திருக்கும் போட்டோ கிடையாது. ஆனால் எண்பதுகளின் கடைசியில் ஒரு நாள் டிவி செய்திக்காரர்கள் ஆரணிக்கு வந்து, எங்கள் தெருவில் பாவு நீட்டியிருந்ததையும், தாத்தா குழித்தறியில் நெய்ததையும் படம் எடுத்துப் போனார்களாம். "உங்க தாத்தா ரெண்டு நிமிஷம் வந்தாருடா" என்று ஆயா சொல்லும். "பத்து செகண்டு கூட இருக்காது" என்பார் அப்பா.

அந்தப் பத்து செகண்டைத் தேடப் போய்த்தான் டிவி செய்திகளைச் சேர்த்து வைப்பதன் வரலாறு எனக்குத் தெரிய வந்தது. சுவாரசியமான கதை, கேளுங்கள்.

1968ல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் பால் சிம்ப்சன் என்று ஓர் இன்சூரன்ஸ் கம்பெனி அதிகாரி இருந்தார். நியூயார்க் போனபோது அங்கே இருந்த பெரிய டிவி நிறுவனங்களில், "பழைய செய்திகளைப் பார்க்க முடியுமா?" என்று விசாரித்தார். இரண்டு வாரம் போல வைத்திருந்து அழித்துவிடுகிறோம் என்றார்கள். டேப் விலை அதிகம், அதனால் அதன் மேலேயே அடுத்ததைப் பதிவார்கள். நூலகத்தில் பழைய பேப்பர் கிடைக்கிறது, நாடே பார்க்கும் செய்தி மட்டும் கிடைக்காதா என்று அவர் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தைப் பிடித்தார். 1968 ஆகஸ்ட் 5 முதல் அங்கே தினமும் மாலைச் செய்திகளைப் பதிவு செய்ய ஆரம்பித்தார்கள். 1973ல் சிபிஎஸ் நிறுவனம் வழக்குப் போட்டது. 1976ல் வந்த காப்புரிமைச் சட்டம், நூலகங்கள் செய்தியைப் பதிவு செய்யலாம் என்று இடம் கொடுத்ததும் வழக்கு ஓய்ந்தது.

இன்னொருவர் பிலடெல்பியாவைச் சேர்ந்த மரியன் ஸ்டோக்ஸ். முன்னாள் நூலகர். 1979 முதல் 2012ல் இறக்கும் வரை தன் வீட்டிலேயே பல டிவிகளை வைத்து, இரவு பகலாகச் செய்திகளைப் பதிவு செய்தார். ஏறத்தாழ 70,000 கேசட்! அவை இப்போது இன்டர்நெட் ஆர்க்கைவ் அமைப்பிடம் இருக்கின்றன.

அதே அமைப்புதான் 2012 செப்டம்பரில், 3,50,000 நிகழ்ச்சிகளோடு டிவி செய்திகளைத் தேடிப் பார்க்கும் வசதியை இணையத்தில் திறந்தது. படத்துக்குள் எப்படித் தேடுவது? காது கேளாதவர்களுக்காகப் பேச்சை எழுத்தாக அனுப்பும் முறை அமெரிக்க டிவியில் உண்டு. அந்த எழுத்தில்தான் தேடுகிறார்கள். யாருக்கோ உதவியாகச் செய்த ஒன்று, வரலாறு தேடுகிறவனுக்கும் சாவி ஆகிவிட்டது.

நான் பி.காம். மாணவன். எனக்கு இதெல்லாம் கணக்குப் பாடமாகத்தான் தெரிகிறது. அன்றன்று நடப்பதைத் தேதி வாரியாக எழுதினால் அது குறிப்பேடு. அதிலிருந்து ஒவ்வொருவர் பெயருக்கும் எடுத்தெழுதினால்தான் பேரேடு. பதிவு செய்த டேப் வெறும் குறிப்பேடு. வாண்டர்பில்ட்டில் ஒவ்வொரு செய்திக்கும் ஆட்கள் உட்கார்ந்து சுருக்கம் எழுதினார்களே, அதுதான் பேரேடு. பேரேடு இல்லையென்றால் ராமன் நமக்கு எவ்வளவு தர வேண்டும் என்று கேட்டால் முழு வருஷத்தையும் புரட்ட வேண்டியதுதான்.

நம் கதைக்கு வருவோம். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15ல் தொடங்கியது. பிரசார் பாரதி தன் பழைய பதிவுகளில் பலவற்றை யூடியூபில் போட்டிருக்கிறது. தலைவர்களின் பேச்சும் வித்வான்களின் கச்சேரியும் கிடைக்கின்றன, ஏனென்றால் அவர்களுக்குப் பெயர் எழுதியிருக்கிறது. மந்திரி வந்தால் மந்திரி பெயரில் பேரேட்டுப் பக்கம் உண்டு. பின்னால் தறியில் உட்கார்ந்திருப்பவருக்கு ஏது பக்கம்?

நான் "ஆரணி" என்று தேடினேன். பட்டுப் புடவைக் கடை வீடியோக்கள் வரிசையாக வந்தன. தாத்தா வரவில்லை. அந்த டேப் அழிந்துவிட்டதா, பெயரில்லாமல் எங்காவது இருக்கிறதா? தேடுகிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆனால் தேடத் தேட ஒன்று புரிந்தது. நாம் இன்று கூப்பிடும் பெயரில் தேடக் கூடாது, அன்றைக்கு எழுதியவர் என்ன எழுதியிருப்பாரோ அந்தப் பெயரில் தேட வேண்டும். திருவண்ணாமலை மாவட்டம் பிறந்தது 1989 செப்டம்பரில். அதற்கு முன் நாங்கள் வட ஆற்காடு மாவட்டம். ஆங்கிலத்தில் எங்கள் ஊரை "ஆரணி" என்றும் எழுதுவார்கள், "ஆர்னி" என்றும் எழுதுவார்கள். களம்பூரில் உள்ள ரயில் நிலையத்தின் பெயரே "ஆர்னி ரோடு"தான். ஊர்ப் பெயரே இல்லாமல் "கைத்தறி நெசவாளர்", "பட்டு நூல் விலை" என்று மட்டும் குறித்திருக்கவும் கூடும்.

அடுத்தது தேதி. ஆயாவிடம் உட்கார்ந்து கேட்டேன். "பொங்கல் முடிஞ்சிருந்துச்சு. உங்க அப்பன் பத்தாவது பரிட்சைக்குப் படிச்சிக்கிட்டு இருந்தான்" என்றது. அப்பாவின் மார்க் ஷீட்டை எடுத்துப் பார்த்தேன். 1988 என்று இருக்கிறது. ஆக, ஜனவரி பாதியிலிருந்து மார்ச் வரை. வட ஆற்காடு மாவட்டம். முப்பது வருஷத்துக்கு மேல் "ஒரு நாள்" என்று இருந்தது, பத்து நிமிஷத்தில் இரண்டரை மாதமாகச் சுருங்கிவிட்டது!

இன்னும் தாத்தா கிடைக்கவில்லை. ஒரு நோட்டில் அவர் பெயர், தெரு, மாதம், அன்று தறியில் இருந்த புடவையின் நிறம் (அரக்கு, ஆயாவுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது) எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறேன். என்றைக்காவது யாராவது அந்த டேப்பைத் திறந்தால், இது யார் என்று சொல்ல ஆள் வேண்டும் அல்லவா?

உங்கள் வீட்டிலும் யாராவது ஒரு நாள் டிவியில் வந்திருப்பார்கள். சொல்வதற்குப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.