கதிரவனுக்கு ஒரு கருவி, விண்மீனுக்கு ஒரு கருவி



தொலைநோக்கி ஒன்று வாங்க விரும்பும் மாணவர் பலர் என்னிடம் இரண்டு வினாக்களை வினவுவர். எந்தக் கருவி நல்லது என்பது ஒன்று. அதே கருவியைக் கொண்டு இரவில் விண்மீனையும் பகலில் கதிரவனையும் காணலாமா என்பது மற்றொன்று. இவற்றுக்கு விடை கடைக்காரரின் விலைப்பட்டியலில் இல்லை. நானூறு ஆண்டு வரலாற்றில் இருக்கிறது. நான் செய்த பிழை ஒன்றிலும் அவ்விடையின் ஒரு பகுதி இருக்கிறது. அப்பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2010ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் கங்கண கிரகணம் நிகழ்ந்தது. அப்போது நான் தென்கோடிக் கடற்கரை ஊர் ஒன்றில் தலைமை ஆசிரியனாக இருந்தேன். கிரகணத்தை மாணவர்க்குக் காட்ட 60 மில்லிமீட்டர் வில்லை உடைய சிறு தொலைநோக்கி ஒன்றை வாங்கினோம். கண் வைக்கும் முனையில் பொருத்துவதற்கென்று கரிய கண்ணாடித் துண்டு ஒன்றும் அதனுடன் வந்தது. கிரகணத்துக்கு ஒரு வாரம் முன்பு, அதைப் பொருத்திக் கதிரவனை நோக்கினேன். வட்டம் அழகாகத் தெரிந்தது. 'அடுத்து நீ வா, அம்மா' என்று ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியை அழைத்து விலகி நின்றேன். அவள் இரண்டடி வைப்பதற்குள் 'டப்' என்ற ஓசை எழுந்தது. கண்ணாடி இரண்டாகப் பிளந்திருந்தது. 'என்ன ஐயா சத்தம்?' என்று அவள் கேட்டாள். எனக்கு வாய் எழவில்லை. விற்றவரை நான் குறை கூறவில்லை. ஆராயாமல் நம்பியவன் நானே.

அன்றிரவு வரலாற்று நூல்களைப் புரட்டினேன். எனக்கு முன்பே பலர் இவ்வழியில் நடந்திருப்பதை அறிந்தேன். 1610ஆம் ஆண்டு டிசம்பரில் இங்கிலாந்து நாட்டுத் தாமஸ் ஹாரியட் என்பவர் தொலைநோக்கியால் சூரியப் புள்ளிகளைக் கண்டு வரைந்தார். மூடுபனி கதிரவனின் ஒளியை மழுக்கும் வேளையில் அவர் நேராகவே நோக்கினார். அது ஆபத்தான வழி. ஜெர்மானியத் துறவியாகிய கிறிஸ்டோஃப் ஷைனர் நிறக் கண்ணாடிகளைக் கையாண்டார். கலிலியோவின் மாணவர் பெனடெட்டோ காஸ்டெல்லியோ வேறு வழி கண்டார். கருவியின் பின்னே ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, கதிரவனின் உருவத்தை அதில் விழச் செய்தார். கண் கருவியருகே செல்லவே தேவையில்லை. புள்ளிகளைத் தாளின்மேலேயே வரைந்துகொள்ளலாம். 1612ஆம் ஆண்டுக் கோடையில் கலிலியோ நாள்தோறும் வரைந்த படங்கள் இம்முறையால் வரையப்பட்டவை. ஆசிரியர் தம் மாணவரின் பெயரைச் சொல்லி, இது அவர் கண்ட முறையென்று எழுதியும் வைத்தார். ஷைனரும் பிற்காலத்தில் இம்முறைக்கே வந்து சேர்ந்தார்.

கரிய கண்ணாடி ஏன் போதாது? இதற்கு விடை தந்தவர் வில்லியம் ஹெர்ஷல். கதிரவனைக் காண அவர் பலவகை நிறக் கண்ணாடிகளைச் சோதித்தார். சில கண்ணாடிகளில் ஒளி குறைவாக இருந்தும் கண்ணில் வெப்பம் உறைத்தது. வேறு சிலவற்றில் ஒளி மிகுந்தும் வெப்பம் தோன்றவில்லை. இப்புதிரை ஆராயப் புகுந்தவர், 1800ஆம் ஆண்டில் முப்பட்டைக் கண்ணாடியால் கதிரொளியைப் பிரித்து, நிறங்களின்மேல் வெப்பமானிகளை வைத்தார். சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு எந்நிறமும் தெரியாத இடத்தில் வெப்பமானி உயர்ந்தது. அகச்சிவப்புக் கதிர்கள் அறியப்பட்ட வரலாறு இதுதான். கண்ணுக்கு இருளாகத் தோன்றுவதெல்லாம் கண்ணுக்குக் காவலாகாது என்பது இதன் பாடம். மேலும், விழித்திரைக்கு வலியை உணரும் நரம்பில்லை. அது சுடப்படும்போது நாம் அறியமாட்டோம். பார்வை மங்கிய பின்னரே அறிவோம்.

இனி ஒரு சிறு கணக்கு. இருளில் நம் கண்மணி ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் விரியும். 60 மில்லிமீட்டர் வில்லை அதனினும் 100 மடங்கு ஒளியைச் சேர்க்கிறது. மங்கிய விண்மீனைக் காண்பவனுக்கு இது பெரும் வரம். பகலிலோ கண்மணி 2 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும். கண் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் முறை அது. அதே வில்லை அப்போது 900 மடங்கு ஒளியைத் திரட்டிக் கண்ணுக்குள் செலுத்துகிறது. இரவில் நமக்கு ஒளி பற்றாது. பகலில் அது அளவுக்கு மிஞ்சியது. ஆகவே தொலைநோக்கியைத் தேர்ந்தெடுப்பவன் முதலில் கேட்க வேண்டியது அதன் விலையை அன்று. இந்த ஒளியை நான் என்ன செய்யப் போகிறேன் என்பதே.

நம் தமிழகத்திலேயே இதற்குச் சான்று உண்டு. ஜவ்வாது மலைக் காவலூரில் விண்மீன்களை ஆராய 1986ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடி 2.3 மீட்டர் அகலம் உடையது. 1901ஆம் ஆண்டு முதல் கதிரவனை ஆராய்ந்துவரும் கொடைக்கானலிலோ, சுரங்கத் தொலைநோக்கியின் வில்லை 38 சென்டிமீட்டர்தான். கதிரவனை ஆராய்வோர் பெரிய வாயைத் தேடவில்லை. உருவம் பெரிதாக விழும்படி 36 மீட்டர் குவியத் தொலைவைத் தேடினர்.

வரலாறு தரும் விதிகள் இரண்டு. ஒன்று, ஒளியை வாசலிலேயே தடுத்துவிடு. அஃதாவது, கதிரவனுக்கென்றே செய்த தரமான வடிதாளைக் கருவியின் முன்வாயில் காற்றுக்கும் கழலாதபடி பொருத்து. பின்முனையில் பொருத்தும் கரிய கண்ணாடி, வீட்டினுள் வந்துவிட்ட வெள்ளத்தை அடுக்களைக் கதவால் தடுப்பது போன்றது. மற்றொன்று, அவ்வாறு தடுக்க இயலாவிடில் கண்ணை வழியிலிருந்து விலக்கு; காஸ்டெல்லியைப் போல் தாளில் பார். இதற்குச் சிறிய வில்லைத் தொலைநோக்கியே ஏற்றது; அகன்ற ஆடித் தொலைநோக்கியில் திரளும் வெப்பம் கருவியையே பழுதாக்கும். குறிபார்க்கும் சிறு குழலையும் மூடிவிடுங்கள். அதுவும் ஒரு தொலைநோக்கியே. ஆசிரியரோ பெரியவரோ அருகில் நின்று, எவரும் குழலில் கண் வைக்காதபடி காக்க வேண்டும். இரவு வானை மட்டும் விரும்புவோர் அகன்ற ஆடியுள்ள கருவியைத் தயங்காமல் வாங்கலாம்.

கிரகண நாள் மாட்டுப் பொங்கல் விடுமுறை. ஆயினும் பிள்ளைகள் வந்திருந்தனர். அதே சிறு கருவியின் பின்னே, நிழலில் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தினோம். குழலருகே நான் காவல் நின்றேன். நடுப்பகல் கடந்ததும் ஒளி வளையம் அட்டையில் விழுந்து, ஏறக்குறைய பத்து நிமிடம் நின்றது. ஒவ்வொருவராகக் காத்திருக்க வேண்டிய காட்சியை அனைவரும் ஒருங்கே கண்டனர். அன்று இரண்டடி தொலைவில் தப்பிய அம்மாணவிதான் பென்சிலால் அவ்வளையத்தை அட்டையில் வரைந்தாள். உடைந்த கண்ணாடித் துண்டுகளை நான் எறிந்துவிடவில்லை. ஓய்வு பெறும் வரையில் அவை என் மேசைமேல் இருந்தன. தொலைநோக்கியைக் கேட்டு வந்த ஒவ்வொரு மாணவனுக்கும் அவற்றையே முதலில் காட்டினேன்.