திமில்

எங்கள் கண்ணமங்கலம் பக்கத்தில் ‘திமில்’ என்றால் மாடு விடும் விழாவில் ஓடும் காளைதான் நினைவுக்கு வரும். கடல் இங்கிருந்து தொலைவு. நாகநதியிலும் மழைக்காலத்தில்தான் நீர் வரும். ஆனால் சங்கப் பாடல்களில் திமில் என்பது பரதவர் துடுப்புப் போட்டுச் செலுத்திய படகு. காளையின் முதுகு மேட்டுக்கு அப்போது வழங்கிய பெயர் இமில்.

‘கொடுந்திமில்’ என்ற அடைமொழியைக் கவனியுங்கள். இதில் ‘கொடு’ கொடுமையல்ல, வளைவு. அந்த வளைவை வைத்து, படகின் பெயர் காளையிலிருந்து வந்தது என்று சொல்லத் தோன்றும். இமில் தனிச்சொல்லாக இருக்கும்போது அந்த முடிவுக்கு நான் போகமாட்டேன்.

திமிலின் தொழில் வேட்டை. மீன்பிடிப்பையே சங்கப் புலவர்கள் ‘வேட்டம்’ என்றார்கள். கயிறு கட்டிய எறியுளியை வீசிச் சுறாவைக் குத்தினார்கள். இரவில் விளக்கேற்றிக்கொண்டு போனார்கள். அந்தத் திமில்களில் இருந்த பரதவர்கள் புகாரின் உயர்ந்த மாடங்களில் எரிந்த விளக்குகளை எண்ணியதைப் பட்டினப்பாலை காட்டுகிறது. எவ்வளவு அழகான காட்சி!

ஆற்றுப் படகுக்கு வேறு சொல்: அம்பி. குதிரை, யானை, சிங்க முகம் வைத்த அம்பிகள் மதுரையில் வையைத் துறையில் ஓடியதைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. கோவலனும் கண்ணகியும் அவற்றில் ஏறவில்லை, மரப்புணையில் கடந்தார்கள்.

பள்ளியில் சங்கப் பாடல் நடத்தும் ஆசிரியர்கள், திமிலுக்குப் ‘படகு’ என்று மட்டும் பொருள் எழுதிப் போடாமல், எறியுளியையும் விளக்கையும் சேர்த்துச் சொல்லித்தர வேண்டும்.