ஆசியா டூர்

ஆசியா டூர் என்பது ஆசியக் கண்டத்தில் ஒரு பருவம் முழுதும் நடக்கும் தொழில்முறை சாலை சைக்கிள் பந்தயங்களை ஒரே புள்ளிப் பட்டியலில் கோத்த தொடர். சுவிட்சர்லாந்தின் எய்கிள் நகரிலிருந்து இயங்கும் பன்னாட்டு சைக்கிள் சங்கமான யூசிஐ, 2005இல் ஐரோப்பா, அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஓசியானியா ஆகியவற்றுக்கான தொடர்களோடு சேர்த்து இதையும் தொடங்கியது. பருவம் பல ஆண்டுகள் அக்டோபரில் தொடங்கி அடுத்த அக்டோபர் வரை நீண்டது.

முன்வரலாறு

தொடர் பிறப்பதற்கு முன்பே அதன் தூண்கள் எழுந்துவிட்டன. ஜப்பானின் உட்சுனோமியாவில் 1990இல் உலக சாம்பியன் போட்டி நடந்தது. அதே மலைச்சாலைகளில் 1992இல் ஜப்பான் கோப்பை என்ற ஒருநாள் பந்தயம் பிறந்தது. மலேசியப் பிரதமர் மகாதீர் முகமதுவின் ஆர்வத்தில் 1996இல் டூர் டி லங்காவி தொடங்கியது. சுற்றுலாத் தீவாக வளர்க்கப்பட்ட லங்காவியின் பெயரை உலகத் தொலைக்காட்சிகளில் உச்சரிக்க வைப்பதே நோக்கம். முதல் பட்டத்தை ஆஸ்திரேலியாவின் டேமியன் மெக்டொனால்ட் வென்றார். 2002இல் கத்தாரும் சீனாவின் சிங்காய் மாகாணமும் ஆளுக்கொரு பந்தயத்தைத் தொடங்கின.

ஐரோப்பாவின் பழைய பந்தயங்கள் பலவற்றைப் பத்திரிகைகள் தங்கள் விற்பனைக்காக உருவாக்கின. ஆசியாவின் பெரிய பந்தயங்களை வளர்த்தவை பெரும்பாலும் அரசுகள். இந்தத் தொடரின் ஏற்ற இறக்கங்கள் பலவும் இந்த வேறுபாட்டிலிருந்தே வந்தன.

தரவரிசையும் புள்ளியும்

ஒவ்வொரு பந்தயத்துக்கும் இரண்டு எண்கள் உண்டு. முதல் எண் 1 என்றால் ஒருநாள் பந்தயம், 2 என்றால் பல கட்டங்களாக நடக்கும் பந்தயம். புள்ளிக்குப் பின் வரும் எண் தரத்தைச் சொல்லும்: 2.1 என்பது 2.2ஐ விட உயர்ந்தது. இவற்றுக்கும் மேலே 2019 வரை எச்.சி. என்ற தரம் இருந்தது. 2020இல் அதன் இடத்தை புரோசீரிஸ் பிடித்தது. தரம் உயர உயர, வெல்பவருக்குக் கிடைக்கும் புள்ளியும் கூடும்.

இந்தப் புள்ளிகளே ஒரு சந்தையை உண்டாக்கின. ஈரானின் மெஹ்தி சொஹ்ராபி 2010, 2011 ஆகிய இரு பருவங்களிலும் ஆசியா டூர் தனிநபர் பட்டியலில் முதலிடம் பிடித்தார். உலகின் முதல்நிலை உரிமத்துக்கு அணிகளிடம் வீரர்களின் புள்ளிகள் சேர்ந்திருக்க வேண்டிய காலம் அது. பெல்ஜியத்தின் லோட்டோ அணி 2012 பருவத்துக்கு அவரை ஒப்பந்தம் செய்தது. அந்த ஒரு பருவத்தோடு அவருடைய ஐரோப்பிய வாழ்க்கை முடிந்தது, தாய்நாட்டு அணிக்கே திரும்பினார். ஆசியச் சாலைகளில் சேர்த்த புள்ளி ஐரோப்பிய உரிமத்துக்குச் செல்லுபடியானது. அதைச் சேர்த்தவருக்கு அங்கே நிலைத்த இடம் கிடைக்கவில்லை.

களங்கள்

லங்காவி பந்தயத்தின் முடிவைப் பல ஆண்டுகளில் தீர்மானித்தது கெந்திங் மலை. வெப்பமண்டலச் சமவெளியில் வேர்த்து வந்தவர்கள், கடல்மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்கு மேல் இருக்கும் முடிவுக்கோட்டை நோக்கி மூடுபனிக்குள் ஏற வேண்டும். சமவெளிக் கட்டங்கள் வேகப் புலிகளுக்கு உரியவை. இத்தாலியின் ஆந்த்ரேயா குவார்தினி இப்பந்தயத்தில் மொத்தம் 24 கட்டங்களை வென்றிருக்கிறார்.

கத்தாரில் மலை கிடையாது, பாலைவனக் காற்றுதான் எதிராளி. காற்று எதிரே வந்தால் முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னே ஒதுங்கலாம். பக்கவாட்டில் அடித்தால் ஒருவருக்குச் சற்று விலகி இன்னொருவர் எனச் சாய்கோட்டில் நின்றால்தான் மறைவு கிடைக்கும். சாலையின் அகலம் பத்துப் பதினைந்து பேரோடு தீர்ந்துவிடும். பதினாறாவது ஆள் ஓரத்தில் காற்றை நேராக வாங்கித் தளர்வார், அவருக்குப் பின்னால் இருப்பவர்கள் எல்லாரும் அறுந்துபோவார்கள். இந்த வித்தையில் கைதேர்ந்த பெல்ஜியத்தின் டாம் போனென் கத்தார் பட்டத்தை நான்கு முறை வென்றார்.

2010இல் தொடங்கிய ஓமான் பந்தயத்தில் ‘பச்சை மலை’ ஏற்றம் பெயர்பெற்றது. பிரிட்டனின் கிறிஸ் ஃப்ரூம் 2013, 2014 இரண்டிலும் பட்டம் வென்றார். 2015இல் மணற்புயலும் கொளுத்தும் வெயிலும் சேர்ந்து டயர்கள் வெடிக்கத் தொடங்கவே, வீரர்கள் ஓட்ட மறுத்து ஒரு கட்டம் ரத்தானது. சிங்காய் ஏரிப் பந்தயத்தில் சிக்கல் மூச்சு: ஏரியே சுமார் 3,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

ஏற்றமும் வீழ்ச்சியும்

வளர்ந்த பந்தயம் தொடரைவிட்டு வெளியேறிவிடும் என்பது ஆசியா டூரின் நிரந்தரக் குறை. உலகின் முதல்நிலைத் தொடரான வேர்ல்டு டூரில் இடம்பெறும் பந்தயங்கள் கண்டத் தொடரில் சேர்வதில்லை. குவாங்சி (2017), ஐக்கிய அரபு அமீரகம் (2019) ஆகியவற்றின் பந்தயங்கள் ஆசிய மண்ணில் நடந்தாலும் ஆசியா டூரில் இல்லை. கத்தாரின் கதை இன்னும் கசப்பானது. 2016இல் உலக சாம்பியன் போட்டியையே நடத்திய நாடு, தன் பந்தயத்தை 2017 முதல் வேர்ல்டு டூருக்கு உயர்த்தவும் அனுமதி பெற்றது. பணம் திரளவில்லை. 2016 டிசம்பரிலேயே பந்தயம் கைவிடப்பட்டது.

இந்தியா

சாலைப் பந்தயம் இந்தியாவுக்குப் புதிதல்ல. மும்பை–புனே பந்தயம் 1945இல் தொடங்கியது. மலைத்தொடர் ஏற்றத்தில் முந்துபவரை ‘காட் ராஜா’ என்று இன்றும் கொண்டாடுகிறார்கள். ஆசிய சாம்பியன் போட்டிகள் லூதியானாவிலும் (2005) தில்லியிலும் (2013) நடந்தன. பெங்களூரைச் சேர்ந்த நவீன் ஜான் 2016இல் ஆஸ்திரேலியாவின் கான்டினென்டல் (மூன்றாம்நிலைத் தொழில்முறை) அணி ஒன்றில் சேர்ந்து, இந்திய ஓட்டிகளுக்குத் தொழில்முறைக் கதவைத் திறந்தார். 2026 ஜனவரியில் புனே மாவட்டத்தில் 437 கிலோமீட்டர் நீளமுள்ள புனே கிராண்ட் டூர் 2.2 தரத்தில் நடந்தது. இதற்கும் மாநில, மாவட்ட நிர்வாகங்களே முன்னின்றன.

தமிழ்நாடு

தமிழ்நாட்டின் பங்கு பந்தயத்தைவிட உற்பத்தியில் மூத்தது. முருகப்பா குழுமம் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 1949இல் நிறுவிய டிஐ சைக்கிள்ஸ், சென்னையின் அம்பத்தூரில் ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ சைக்கிள்களைத் தயாரித்தது. போட்டிக்கான வசதி பின்னர் வந்தது: 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளையோர் போட்டிகளின் சைக்கிள் பந்தயங்கள் சென்னையை அடுத்த மேலக்கோட்டையூர் சைக்கிள் ஓடுதளத்தில் நடந்தன.

ஆனால் ஓடுதளத்தை வேலி போட்டு மூடலாம், சாலையை அப்படி மூட முடியாது. சென்னைப் புறநகரான ஆவடியின் மேற்கே செல்லும் வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை சுமார் 62 கிலோமீட்டர். தூரமும் அகலமும் ஒரு 1.2 தரப் பந்தயத்துக்கு இடங்கொடுக்கும். சில மணி நேரம் லாரிகளைத் திருப்பிவிட போலீஸும், செலவை ஏற்க ஓர் அரசோ நிறுவனமோ முன்வர வேண்டும். லங்காவி முதல் புனே வரை ஆசியா டூர் விரிந்தது இந்த இரண்டும் அமைந்த ஊர்களில்தான்.